‘ரோன்யா’ மெதுவாகத்தான் போகும், இரண்டாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

உங்கள் கேள்வியைப் படித்தேன். 8 வயது மகள், 11 வயது மகன், இரண்டு பேரோடும் உட்கார்ந்து பார்க்க ‘கொள்ளைக்காரன் மகள் ரோன்யா’ என்ற அனிமேஷன் தொடரை எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் பார்த்தவர்கள் சொல்வது ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பாதிப் பேர் பொம்மை மாதிரி இருக்கிறது, கதை நகரவே மாட்டேன் என்கிறது என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள். மீதிப் பேர் கடைசி வரை பார்த்துவிட்டுக் கண்கலங்கினோம் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்டுங்கள் என்பதுதான் என் பதில். அதோடு நிறுத்தாமல் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் குறை சொல்கிறவர்கள் யாரும் இல்லாததைச் சொல்லவில்லை. உருவங்களின் அசைவில் குறை இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். கதை மெதுவாகப் போவதும் நிஜம். ஆனால் அந்த நிதானத்தைக் குறையாக எண்ணுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நாவலின் உயிர் எதுவோ, அது இந்தத் தொடருக்குள் வந்து சேர்ந்ததே அந்த நிதானத்தால்தான்.

நான் சென்னையில் 3டி அனிமேஷன் வேலையில் பல வருடம் இருந்தவன், அதிலும் பெரும்பாலும் குழந்தைகளுக்கான தொடர்களில். நாவலை ஆங்கிலத்தில் மூன்று தடவை படித்திருக்கிறேன். தொடரை முழுசாக இரண்டு தடவை பார்த்தேன், முதல் தடவை தனியாக, அடுத்த தடவை என் மகளோடு. அவளுக்கு அப்போது 9 வயது. நான் கவனித்ததை அவள் கவனிக்கவில்லை, அவள் கேட்டதை நான் யோசித்ததே இல்லை. அதனால் அவள் சொன்னதையும் நடுநடுவே சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் எந்த ரோன்யா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திரையில் மூன்று இருக்கின்றன. ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் என்ற ஸ்வீடன் எழுத்தாளர் எழுபதைத் தாண்டிய வயதில் எழுதிய நாவல் இது, 1981இல் வெளிவந்தது. பிப்பி என்ற குறும்புக்காரச் சிறுமியைப் படைத்தவரும் அவர்தான். 1984இல் தாகெ தனியெல்சன் அதை நடிகர்களை வைத்துத் திரைப்படமாக எடுத்தார். ஸ்வீடனில் அந்தப் படத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அனிமேஷன் தொடர் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே 2014 அக்டோபரிலிருந்து 2015 மார்ச் வரை ஒளிபரப்பியது, மொத்தம் 26 அத்தியாயங்கள். நடிகை கில்லியன் ஆண்டர்சன் கதைசொல்லியாகப் பேசும் ஆங்கில வடிவம் 2017 ஜனவரியில் அமேசான் ப்ரைம் வீடியோவில் வந்தது. இது போக, 2024இல் ஸ்வீடனில் நடிகர்களை வைத்து ஒரு புதுத் தொடரும் எடுத்தார்கள். அது இன்னும் இருட்டானது, உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம்.

தொடரை இயக்கியவர் கோரோ மியாசாகி, புகழ்பெற்ற ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் மகன். அனிமேஷனைச் செய்தது பாலிகன் பிக்சர்ஸ், ஹயாவோவின் படங்களை எடுத்த ஜிப்லி ஸ்டூடியோ உடன் நின்றது. பார்த்தவர்களுடைய ஏமாற்றத்தில் பெரும்பங்கு இந்த ஒரு தகவலிலிருந்தே வருகிறது. ஜிப்லி பெயரைப் பார்த்ததும் எல்லோரும் கையால் வரைந்த அந்தப் பெரிய படங்களை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் காட்சியிலேயே 3டி உருவங்கள் வந்து நிற்கின்றன. அங்கேயே மனசு சுளித்துவிடுகிறது. அதற்கப்புறம் கதை என்ன சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1971இல் ஹயாவோ மியாசாகியும் அவருடைய சக இயக்குநர் இசாவோ தக்காஹாத்தாவும் பிப்பியைத் தொடராக எடுக்க ஆசைப்பட்டார்கள். படங்களெல்லாம் வரைந்து வைத்து, மியாசாகி ஸ்வீடனுக்கே போய்விட்டு வந்தார். லிண்ட்கிரன் தரப்பிலிருந்து அனுமதி கிடைக்கவில்லை. அந்த வேலை அப்படியே நின்றது. நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, லிண்ட்கிரன் இறந்து பன்னிரண்டு வருடம் ஆன பின்பு, அவர் நாவல் ஒன்றை எடுக்கும் வாய்ப்பு மகனுக்கு வந்தது. கோரோ அதை எவ்வளவு பயபக்தியோடு எடுத்திருக்கிறார் என்பது தொடரில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரிகிறது. நாவலின் சம்பவங்களை அவர் வெட்டவில்லை, புதிதாக ஒரு வில்லனையும் நுழைக்கவில்லை.

சரி, இப்போது அந்த அசைவுக்கு வருகிறேன். என் தொழில் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். கையால் வரையும் ஜப்பானிய டிவி அனிமேஷனில் 24 படமும் வரைய மாட்டார்கள். ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று ஃப்ரேம் நிறுத்திவைப்பார்கள். அப்படியானால் நொடிக்கு 12 படம் அல்லது 8 படம். இருந்தும் நம் கண் அதை ஏற்றுக்கொள்கிறது, ஏனென்றால் வரைகிறவர் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கையை நீட்டுவார், முகத்தை நசுக்குவார், உடம்பை வளைப்பார். வேகம் முழுவதையும் அந்த ஒரு கோட்டிலேயே ஏற்றிவிடுவார். 3டியில் உருவம் என்பது ஒரு ரிக், எலும்பும் மூட்டும் அளவெடுத்துப் பொருத்திய பொம்மை. அதன் மேல் தட்டையான வண்ணமும் கறுப்பு ஓரக்கோடும் வருகிற மாதிரி கணினியில் படமாக்குவதைத்தான் செல் ஷேடிங் என்கிறோம். உருவம் அசையாமல் நின்றால் கையால் வரைந்தது போலவே தெரியும். நடக்க விட்டால்தான் சிக்கல். 24 ஃப்ரேமும் ஓடவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஃப்ரேமைக் குறைத்தால் கைவரைவின் சாயல் வரும், ஆனால் அந்த நீட்டலும் நசுக்கலும் இல்லாததால் வெட்டி வெட்டி நகரும். ஒவ்வொரு ஷாட்டிலும் அனிமேட்டர் உட்கார்ந்து ரிக்கைக் கையால் திருத்தினால் சரியாகும், ஆனால் வாராவாரம் ஓடும் தொடரில் எல்லா ஷாட்டுக்கும் அந்த நேரம் கிடைக்காது.

ரோன்யாவில் இது எங்கே உறுத்துகிறது என்றால், கூட்டமாக வரும் காட்சிகளில். கோட்டைக் கூடத்தில் கொள்ளைக்காரர்கள் சேர்ந்து ஆடிப்பாடும்போது சிலர் மட்டும் உயிரோடும் மற்றவர்கள் சாவி கொடுத்த மாதிரியும் இருப்பார்கள். ரோன்யாவின் தலைமுடி ஒரே கட்டியாகக் கிடக்கிறது. ஒருவர் கையை இன்னொருவர் பிடிக்கும்போது தொட்ட மாதிரி இருக்காது. இதையெல்லாம் சொல்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன், சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் பின்னணிகளைப் பாருங்கள். காடு ஓவியமாகவே தீட்டப்பட்டது. பாசி படிந்த பாறை, பிர்ச் மரங்களின் வெள்ளைத் தண்டு, பனி உருகி ஓடும் நீர், கோடைக்கால இரவில் முழுசாக இருட்டாமல் நிற்கும் அந்த வடநாட்டு வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும். பறவைப்பெண்கள் வருகிற காட்சிகளில் 3டி ஒரு படி மேலேயே போகிறது. மனித முகமும் கழுகின் நகமுமாக அவை கூட்டமாகச் சுழன்று கீழே பாயும்போது, அந்தக் கோணங்களைக் கையால் வரைந்து எடுப்பது டிவி தொடருக்குக் கட்டுப்படியாகாத வேலை. ஐந்தாறு அத்தியாயம் போனதும் என் கண் உருவங்களுக்குப் பழகிவிட்டது. என் மகளுக்குப் பழக வேண்டிய தேவையே இருக்கவில்லை. “இது பொம்மை மாதிரி இருக்கா?” என்று நானாகக் கேட்டபோது, “எது?” என்று திருப்பிக் கேட்டாள். உங்கள் பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்கள். இந்தக் குறை பெரியவர்களின் கண்ணை உறுத்துகிற குறை.

இனி அந்த மெதுவான நடையைப் பற்றி. நாவல் இருநூற்றுச் சொச்சம் பக்கம். 1984 படம் அதை இரண்டு மணி நேரத்தில் முடித்தது. தொடர் பத்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. முதல் அத்தியாயம் முழுக்க ரோன்யா பிறக்கும் இரவுதான். இடியும் மின்னலுமாக ஓர் இரவு, கொள்ளைக்காரத் தலைவன் மத்திஸின் மனைவி லோவிஸ் பாட்டுப் பாடிக்கொண்டே பிள்ளை பெறுகிறாள். அதே இரவில் இடி விழுந்து கோட்டை நடுவே பிளந்து, அடி தெரியாத ஒரு பள்ளம் உண்டாகிறது. அப்புறம் குழந்தை வளர்கிறாள், காட்டுக்குப் போகிறாள், பாறையில் ஏறுகிறாள். எதிராளித் தலைவன் போர்காவின் மகன் பிர்க் கண்ணில் படுவதற்குள் சில அத்தியாயங்கள் ஓடிவிடும். அதுவரை சண்டை இல்லை, மர்மம் இல்லை. இரண்டாவது அத்தியாயத்தில் விட்டவர்கள் இதனால்தான் விட்டார்கள்.

அந்த இரண்டாவது அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதல்முறையாகத் தனியே காட்டுக்குப் போகப்போகிற மகளிடம் அப்பா சொல்கிறார்: பறவைப்பெண்களிடம் ஜாக்கிரதை, சாம்பல் நிறக் குள்ளர்களிடம் ஜாக்கிரதை, போர்காவின் ஆட்களிடம் ஜாக்கிரதை, வழி தவறிவிடாதே, ஆற்றில் விழுந்துவிடாதே, பள்ளத்தில் விழுந்துவிடாதே. ரோன்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். கேட்டுக்கொண்டு என்ன செய்கிறாள்? எதற்கெல்லாம் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னாரோ, அந்த இடங்களுக்கே போய் ஜாக்கிரதையாக இருந்து பழகுகிறாள். ஆற்றில் விழாமல் இருக்கப் பழக வேண்டுமென்றால் ஆறு சுழித்து ஓடும் இடத்தில் வழுக்குப் பாறை மேல்தானே தாவிப் பார்க்க வேண்டும்! பயப்படாமல் இருக்கவும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறாள். ஒரு குழந்தையின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு சரியாகச் சொன்ன இடத்தை நான் வேறு எங்கும் படித்ததில்லை. தொடர் அதை அவசரமில்லாமல், ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு அவள் தாவுவதை முழுசாகக் காட்டி எடுத்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் வேறு எதற்கோ காத்திருந்திருக்கிறார்.

இந்தப் பொறுமை எதற்கு என்பது கதையின் நடுவில்தான் தெரியும். (முன்கூட்டியே தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) பிளந்த கோட்டையின் மறுபாதியில் போர்கா தன் ஆட்களோடு வந்து குடியேறிவிடுகிறான். ரோன்யாவும் பிர்க்கும் ரகசியமாக அண்ணன் தங்கை போல ஆகிவிடுகிறார்கள். ஒருநாள் மத்திஸ் பிர்க்கைப் பிடித்துக் கட்டிவைத்து, கோட்டையை விட்டுப் போனால் பையனைத் தருகிறேன் என்று பேரம் பேசுகிறான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ரோன்யா அந்தப் பள்ளத்தைத் தாண்டி எதிரியின் பக்கம் குதிக்கிறாள். இப்போது போர்காவின் கையிலும் ஒரு பிள்ளை இருக்கிறது. மத்திஸ் பிர்க்கை விட்டுவிடுகிறான், ஆனால் தனக்குக் குழந்தையே இல்லை என்று சொல்லிவிடுகிறான். அந்தக் குதிப்பு சில நொடிகள்தான். ஆனால் குழந்தையைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து அவளுக்கு அடிமையாகிப்போன ஓர் அப்பாவை நாம் அத்தனை அத்தியாயமாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அதனால்தான் அந்த நொடியில் வயிறு பிசைகிறது. படத்திலும் இந்தக் காட்சி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் மகள் எழுந்து நின்றது தொடரைப் பார்த்தபோதுதான்.

மத்திஸைப் பற்றியும் நிறைய புகார்கள். எப்போது பார்த்தாலும் கத்துகிறான், சாமான்களை விட்டெறிகிறான், கீழே விழுந்து புரண்டு அழுகிறான், காது வலிக்கிறது என்கிறார்கள். என் மகள் சொன்ன ஒரே குறையும் இதுதான். “அவர் ஏன் இவ்வளவு சத்தம் போடறார்?” என்று மூன்று தடவையாவது கேட்டிருப்பாள். நாவலிலும் மத்திஸ் அப்படித்தான். பன்னிரண்டு கொள்ளைக்காரர்களுக்குத் தலைவன், உள்ளுக்குள் கைக்குழந்தை. எதையும் அடக்கிவைக்கத் தெரியாத ஆள். அவன் கத்துவதை எழுத்தில் படிக்கும்போது மனசுக்குள் சத்தத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம், திரையில் அது முடியாது. அதனால் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்தச் சத்தம் இல்லையென்றால், அவன் பேசாமல் சாப்பிடாமல் கல்லாகக் கிடக்கும் அத்தியாயங்கள் இவ்வளவு கனமாக இருக்காது. கத்திக்கொண்டே இருந்த மனிதன் அடங்கிப்போனால் வீடு எப்படி இருக்கும் என்று குழந்தைகளுக்கே தெரியும். “முன்னாடி மாதிரியே கத்தினாக்கூட பரவாயில்ல” என்று அவளே சொன்னாள்.

லோவிஸைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம். தொடரிலேயே திடமான ஆள் அவள்தான். புருஷன் கத்தும்போது கத்த மாட்டாள், கொள்ளைக்காரக் கூட்டம் முழுவதையும் மிரட்டிப் பனியில் குளிக்க வைப்பாள், ராத்திரியானால் மகளுக்கு ஓநாய்ப் பாட்டுப் பாடுவாள். மகள் வீட்டை விட்டுப் போய்க் காட்டுக் குகையில் இருக்கும்போது, அவளைத் தேடிவரும் அம்மா அழுது கெஞ்சி இழுத்துப்போக முயல மாட்டாள். அப்பா தானே வந்து கூப்பிடும் வரை வரமாட்டேன் என்று ரோன்யா சொல்வதன் நியாயம் அவளுக்குப் புரிகிறது. அந்த ஓநாய்ப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வீடன்காரர்கள் தொடரைப் பார்த்துவிட்டு மனசு ஒட்டவில்லை என்று சொன்னால் அதற்கு ஒரு காரணம் இந்தப் பாட்டாக இருக்கலாம். 1984 படத்துக்காக பியோர்ன் இஸ்ஃபெல்ட் போட்ட மெட்டு அவர்கள் ஊரில் தாலாட்டாகவே ஆகிவிட்டது. வேறு மெட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர்கள் காது ஏற்காது. அந்தப் பழக்கம் நமக்கு இல்லை. ஸதோஷி தகேபெயின் இசையை நாம் அதன் அழகுக்காகவே கேட்கலாம். அஓய் தேஷிமா பாடும் தொடக்கப் பாட்டைத் தாண்டிவிடாமல் ஓடவிடுங்கள், நான்காம் நாள் பிள்ளைகள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மாயாஜாலம் குறைவு என்று சொல்கிறவர்களும் உண்டு. மந்திரக்கோல், சாபம், ஆரூடம், உலகைக் காப்பாற்றும் பொறுப்பு, இவை எதுவும் இதில் இல்லை. இருப்பவை காட்டின் உயிர்கள். சாம்பல் நிறக் குள்ளர்கள் இருட்டில் கண் மட்டும் மின்னச் சூழ்ந்துகொள்வார்கள், நீங்கள் பயந்தால்தான் நெருங்குவார்கள். பூமிக்கு அடியில் வாழ்பவர்கள் பனிமூட்டத்தில் பாடுவார்கள், கேட்டவர்கள் பின்னாலேயே போய்விடுவார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு ஓடப்பார்க்கும் ரோன்யாவை பிர்க் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் அவனைக் கடித்தே வைத்துவிடுவாள். அப்புறம் மண்ணுக்குள் குடியிருக்கும் குட்டையான சாதுப்பிராணிகள் சில. பனியில் நடக்கும்போது ரோன்யாவின் கால் அவர்கள் வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அவர்கள் மேலே தொங்கும் காலைப் பார்த்து இது எதற்கு என்று அதிசயப்படுவார்கள், பிறகு அதில் தங்கள் குழந்தையின் தொட்டிலை மாட்டிவிடுவார்கள். மேலே ஒரு பெண் குளிரில் செத்துக்கொண்டிருக்கிறாள், கீழே குழந்தை நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கிறது. சிரிப்பையும் பயத்தையும் ஒரே காட்சியில் இப்படிச் சேர்த்துக் கட்ட லிண்ட்கிரனால்தான் முடியும். வடக்கு ஸ்வீடனின் நாட்டார் கதைகளில் வரும் காட்டுவாசிகளின் சாயல் இவற்றில் இருக்கிறது. பறவைப்பெண்களுக்கு அவர் வைத்த பெயரிலேயே அந்தக் கதைகளின் ‘வித்ரா’ என்ற காட்டுவாசிகள் ஒளிந்திருக்கிறார்கள். காட்டோடு வாழ்ந்தவர்கள் காட்டைப் பற்றிச் சொன்ன கதைகள் என்பதால் இவற்றுக்கு விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை. இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று உங்கள் மகன் கேட்பான். காட்டில் இருப்பவர்கள் என்று சொல்லிவிடுங்கள், அந்தக் கதைக்குள் அதுதான் சரியான பதில்.

எனக்கு நிஜமாகவே பிடிக்காத ஒன்றும் உண்டு, கதைசொல்லியின் குரல். ஆண்டர்சனின் குரலில் ஒரு தவறும் இல்லை, மிக நன்றாகவே பேசியிருக்கிறார். ஆனால் ரோன்யா சோகமாக உட்கார்ந்திருப்பது திரையில் தெரிகிறது, உடனே ரோன்யா சோகமாக இருந்தாள் என்று குரலும் சொல்கிறது. நாவலின் வரிகளை விட மனசு வராமல் சேர்த்திருக்கிறார்கள் என்று புரிகிறது. இருந்தாலும், அந்த ஓவியக் காட்டுக்குள் கேமரா அமைதியாக நிற்கும்போது யாரும் பேசாமல் இருந்திருக்கலாம் என்று பல தடவை தோன்றியது. 3டியைப் பற்றி எழுதிய அளவுக்கு இதைப் பற்றி யாராவது எழுதியிருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இந்தக் குரல் உதவியாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேகமான ஆங்கிலம் புரியாத இடங்களில் என் மகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் கதையைத் தொடர்ந்தாள், மீதியை நான் தமிழில் சொன்னேன்.

2016இல் சர்வதேச எம்மி குழந்தைகள் விருதுகளில் அனிமேஷனுக்கான விருது இந்தத் தொடருக்குக் கிடைத்தது. அதை ஒரு சான்றிதழாக உங்களிடம் நீட்ட எனக்கு விருப்பமில்லை, விருது வாங்கியவற்றிலும் பிள்ளைகள் கொட்டாவி விடுபவை உண்டு. கோடைக்காலத்தில் இரண்டு பிள்ளைகளும் குகையில் தனியாக வாழும் அத்தியாயங்களை மட்டும் பாருங்கள், போதும். அங்கே ஒரு கத்தி காணாமல் போய்விடும். நீதான் தொலைத்தாய், இல்லை நீதான் என்று இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். கடைசியில் யார் முகத்தையும் யாரும் பார்க்காத நிலைமைக்கு வந்துவிடும். ஒரு கத்திக்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் அந்தக் காட்டில் கத்தி என்பது உயிர். அது பிள்ளைகளுக்குத் தெரியும், பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதற்குள் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர்கள் மீன் பிடித்து, ரொட்டியை எண்ணித் தின்று, குகையில் தீ மூட்டியதையெல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்தச் சண்டையைப் பார்க்கும்போது அவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

பெற்றோராக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பறவைப்பெண்கள் வரும் காட்சிகள் பயமாக இருக்கும். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம், பகலில் பாருங்கள். பனிக்குளியல் காட்சியில் கொள்ளைக்காரர்கள் துணியில்லாமல் ஓடுவார்கள். நாவலில் அது வெறும் சிரிப்புக் காட்சி, தொடரிலும் அப்படித்தான், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு குதிரையைக் கரடி தாக்கும் இடம் ஒன்று உண்டு, ரத்தம் தெரியும். மிருகங்கள் மேல் உங்கள் மகளுக்குப் பிரியம் அதிகம் என்றால் பக்கத்தில் இருங்கள். இது போக, தன் அப்பா வழிப்பறி செய்கிறவர் என்று ரோன்யாவுக்கு ஆரம்பத்தில் தெரியாது. தெரிந்த பிறகு அவள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்பதைத் தொடர் மழுப்பவில்லை. அந்த இடத்தில் என் மகள் என் பக்கம் திரும்பி, “நல்ல அப்பா கெட்ட வேலை செய்யலாமா?” என்று கேட்டாள். உங்கள் 11 வயதுக்காரன் இன்னும் கூர்மையாகக் கேட்பான். அன்றைக்கு அடுத்த அத்தியாயம் போடாமல் அவனோடு பேசுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்றால், முதல் மூன்று அத்தியாயங்களை ஒரே விடுமுறை நாளில் பார்த்துவிடுங்கள். தொடர்ந்து பார்த்தால் அந்த ஆரம்ப நிதானம் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்யாது. அதற்கப்புறம் நாளைக்கு ஒன்று போதும். 26ஐயும் ஒரு வாரத்தில் ஓட்டித் தீர்க்க வேண்டாம், இது அதற்கான கதை இல்லை. காட்டில் பருவங்கள் மாறுவதைப் பிள்ளைகள் உணர வேண்டுமென்றால் நடுவில் நாட்கள் ஓட வேண்டும். நாவலைப் பிறகு படிக்கக் கொடுங்கள். பட்ரீசியா கிராம்ப்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு எளிமையானது, உங்கள் மகனே வாசித்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. தொடரின் முடிவை நெருங்கும்போது ஒரு மரணம் வருகிறது. மத்திஸின் கூட்டத்தில் இருக்கும் வயதான, மொட்டைத்தலைப் பெரியவர். ரோன்யாவுக்குத் தாத்தா மாதிரி, மத்திஸைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டவர். எப்போதும் இருந்தவர் இனி இல்லை என்பது மத்திஸுக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. அவன் அழுகையை இங்கே யாரும் அடக்கச் சொல்வதில்லை, லோவிஸும்கூட. அது முடிந்ததும் உடனே வேறு எதையாவது போட்டுப் பிள்ளைகளின் மனசை மாற்ற அவசரப்படாதீர்கள். என் மகள் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து என் அம்மாவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள். ரோன்யாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாட்டி மதியம் என்ன சமைத்தாள் என்று கேட்டாள், வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.